தெரு, கிணறு, பஸ், நாற்காலி: தமிழ்நாட்டுத் தலைவர்கள் கேட்ட குடிமை உரிமைகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் இரட்டைமலை சீனிவாசன் யார் என்று கேட்டால், வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் என்று பட்டென்று பதில் வரும். அயோத்திதாசர் என்றால் 'ஒரு பைசாத் தமிழன்'. எம்.சி. ராஜா என்றால் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு செய்துகொண்ட ராஜா–மூஞ்சே ஒப்பந்தம். முத்துலட்சுமி ரெட்டி என்றால் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது தாராளம். ஆனால் இவர்கள் அரசாங்கத்திடமும் ஊரிடமும் என்ன கேட்டார்கள், கேட்டது கிடைத்ததா, காகிதத்தில் கிடைத்தது தெருவுக்கு வந்ததா என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில் இருக்காது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். முன்னறிவு எதுவும் வேண்டாம்.

முதலில் இரண்டு வகை உரிமைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓட்டுப் போடுவது, தேர்தலில் நிற்பது, சட்டசபையில் இடம் பெறுவது ஆகியவை அரசியல் உரிமைகள். பொதுத் தெருவில் நடப்பது, பொதுக் கிணற்றில் தண்ணீர் சேந்துவது, காசு கொடுத்து பஸ்ஸில் ஏறுவது, டீக்கடையில் எல்லோரும் குடிக்கிற கிளாஸில் குடிப்பது, பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்காருவது, தான் விரும்பிய முறையில் கல்யாணம் செய்துகொள்வது ஆகியவை குடிமை உரிமைகள். சிவில் உரிமை என்றும் சொல்வோம். இரண்டும் கைகோத்துக்கொண்டு வரும் என்று நினைக்கத் தோன்றும். தமிழ்நாட்டில் அப்படி வரவில்லை. சென்னைச் சட்டசபையில் ஒடுக்கப்பட்ட வகுப்பின் உறுப்பினர் எழுந்து பேசிய அதே காலத்தில், அவருடைய மக்கள் பல ஊர்களில் பொதுத் தெருவில் நடக்க முடியாமல் இருந்தார்கள். முதலில் கிடைத்த அரசியல் இடத்தை வைத்துக்கொண்டு தெருவையும் கிணற்றையும் பிடிக்கப் பார்த்தவர்களின் கதைதான் இது. இப்படிப் பார்த்தால் பெயர்ப் பட்டியல்களில் தனித்தனியாக நிற்கிற பலர் ஒரே வரிசையில் வந்துவிடுகிறார்கள்.

வழக்கமே சட்டமாக இருந்த காலம்

தெருவில் நடக்கக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. பிறகு எப்படித் தடுத்தார்கள்? வழக்கம் என்ற ஒரு சொல்தான். பிரிட்டிஷ் நீதிமன்றங்கள், ஒரு நடைமுறை நெடுங்காலமாக இருந்தது என்று காட்டினால் அதை மதித்துத் தீர்ப்புச் சொல்லும்.

கமுதிக் கோயில் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1897இல் நாடார் சமூகத்தைச் சேர்ந்த சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் போய் வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். நாடார்கள் கோயிலுக்குள் வரும் வழக்கம் இல்லை என்பதுதான் வாதம். கீழ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று போய், கடைசியில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு நடந்தது. 1908இல் தீர்ப்பு வந்தது. நாடார்கள் தோற்றார்கள்.

இந்தத் தீர்ப்பை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து வந்த தலைவர்கள் ஏன் மனுக்கள், தீர்மானங்கள், சட்ட மசோதாக்கள் என்று அலைந்தார்கள் என்பது புரியும். நியாயம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனால், தடுத்தவன் பக்கம்தான் சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

1891: நீலகிரியில் ஒரு கோரிக்கைப் பட்டியல்

அயோத்திதாசர் (1845–1914) சித்த மருத்துவர், தமிழ் அறிஞர், பின்னாளில் பௌத்தர். 1891 டிசம்பரில் ஊட்டியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அங்கே நிறைவேறிய தீர்மானங்கள் பத்து. காங்கிரஸ் மகாசபைக்கும் அனுப்பினார்கள்.

அந்தத் தீர்மானங்களில் சுயராஜ்யமோ பெரிய தத்துவமோ கிடையாது. பறையர் என்ற பெயரை வசையாகப் பயன்படுத்துகிறவர்களைத் தண்டிக்க வேண்டும்; பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உதவித்தொகையும் வேண்டும்; படித்தவர்களுக்குச் சர்க்கார் வேலை வேண்டும்; சிறையில் சாதியைப் பார்த்து இழிவான வேலைகளைக் கொடுக்கிற விதியை எடுக்க வேண்டும்; பொதுக் குளத்திலும் கிணற்றிலும் தண்ணீர் எடுக்கத் தடை கூடாது; கச்சேரிகளிலும் (அதாவது நீதிமன்றங்களிலும்) அலுவலகங்களிலும் மற்றவர்கள் போகிற இடத்துக்குப் போகவும் உட்காரவும் விட வேண்டும்; தங்கள் மக்கள் அதிகம் உள்ள கிராமங்களில் முன்சீப், மணியக்காரர் வேலைகள் வேண்டும். இப்படிப் போகிறது பட்டியல். 130 ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. இன்றும் இதை ஒரு சரிபார்ப்புப் பட்டியலாகக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிராமத்தைச் சுற்றி வரலாம். எல்லாவற்றுக்கும் டிக் போட முடியுமா என்பது ஊரைப் பொறுத்தது.

அடுத்த ஆண்டு நடந்த ஒரு சம்பவத்தை அயோத்திதாசரே பின்னர் எழுதியிருக்கிறார். சென்னை விக்டோரியா ஹாலில் சென்னை மகாஜன சபையின் கூட்டம்; இது வேறு சபை. நீலகிரியின் பிரதிநிதியாகப் போன அவர், விஷ்ணு கோயிலுக்கும் சிவன் கோயிலுக்கும் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஒரு சாஸ்திரி எழுந்து, உங்கள் குலத்துக்குத்தான் மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணசாமி எல்லாம் கொடுத்திருக்கிறோமே என்றார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசாகக் கிடக்கிற நிலமும் வாங்கித் தாருங்கள் என்று சொல்லிவிட்டார் அயோத்திதாசர்.

கோயில் வேண்டாம் என்று அவர் சொன்னதை ஏதோ கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எதைக் கேட்டால் கிடைக்கும், கிடைத்தால் எது நிற்கும் என்று அந்த இடத்திலேயே கணக்குப் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடமும் நிலமும் அவருடைய முன்னுரிமைகள். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் விலையையே பெயராக வைத்து 'ஒரு பைசாத் தமிழன்' என்று நடத்தினார். பிறகு 'தமிழன்' ஆயிற்று.

1924: தெருவுக்கு ஒரு தீர்மானம்

இரட்டைமலை சீனிவாசன் செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். அயோத்திதாசரின் உறவினர், ஆனால் வழி வேறு. 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை கொண்டுவந்தார். இழிவு எதில் இருக்கிறது என்று சொல்கிறார்களோ, அதையே அச்சடித்துத் தலைப்பாகப் போட்ட துணிச்சல். பிறகு வெளிநாடு கிளம்பி, தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக நீண்ட காலம் வேலை பார்த்தார். 1920களின் தொடக்கத்தில் ஊர் திரும்பியவர், 1923இல் சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். (அப்போது மாகாணத்துக்கு இருந்த ஒரே சட்டசபை அதுதான்.)

1924 ஆகஸ்டில் அவர் அந்த அவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவராக இருந்தாலும் ஊரிலோ நகரத்திலோ உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் நடக்க ஆட்சேபம் இல்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்களுக்கும் அப்படியே என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அரசாணையாகவும் வந்தது.

அதே 1924இல்தான் திருவிதாங்கூரில் வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடக்கிற உரிமைக்காக ஈரோட்டிலிருந்து போன பெரியார் ஈ.வெ. ராமசாமி இரண்டு முறை சிறைக்குப் போனார். ஒருவர் அவைக்குள் எழுந்து பேசுகிறார், இன்னொருவர் தெருவில் இறங்கிக் கைதாகிறார். கேட்டது ஒரே பொருள்: சாலை. பள்ளிப் பாடங்களில் வைக்கம் இருக்கிறது. சீனிவாசனின் தீர்மானம் பெரும்பாலும் இல்லை. கைதும் கூட்டமும் இருந்தால்தான் வரலாறாக நினைவில் நிற்கும் போலிருக்கிறது.

ஆனால் சீனிவாசனின் தீர்மானத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஆட்சேபம் இல்லை என்று அரசு சொல்லிவிட்டது, சரி. யாராவது ஆட்சேபித்தால்? தடியோடு வழிமறித்தால்? அதற்கு ஒன்றும் இல்லை. அவையில் இருந்த மற்றொரு ஒடுக்கப்பட்ட வகுப்பு உறுப்பினர் ஆர். வீரையன் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். தடுப்பவர்களுக்குத் தண்டனை கிடைக்க வழிசெய்யும் திருத்தத்தை அவர் கொண்டுவந்தார். வீரையனின் பெயர் இன்று அநேகமாக யாருக்கும் தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பின் வருகிற எல்லாச் சட்டங்களையும் படிக்க இது உதவும். உரிமை உண்டு என்று சொல்வது ஒரு படி. மீறினால் தண்டனை என்பது அடுத்த படி. புகாரை வாங்கி நடவடிக்கை எடுக்க ஓர் அதிகாரி இருப்பது அதற்கும் அடுத்த படி. எந்தப் படி இல்லையோ, உரிமை அங்கேயே நின்றுவிடும்.

பஸ் டிக்கெட்டும் பாண்டி பஜாரும்

அதிகாரி என்று சொன்னதும் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் நினைவுக்கு வருகிறார். பட்டிவீரன்பட்டிக்காரர், நாடார் சமூகத் தலைவர், பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தின் தூண். ராமநாதபுரம் ஜில்லா போர்டின், அதாவது மாவட்ட உள்ளாட்சி மன்றத்தின், தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் தனியார் பஸ்களில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மாட்டார்கள். காசு கொடுத்தாலும் இடம் கிடையாது.

சௌந்தரபாண்டியன் புதுச் சட்டம் எதுவும் கேட்டு நிற்கவில்லை. பஸ் ஓடுவதற்கான லைசென்ஸ் ஜில்லா போர்டின் கையில் இருந்தது. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கிற பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். அவ்வளவுதான். முதலாளிகளுக்குச் சாதி பெரிதா, லைசென்ஸ் பெரிதா என்று யோசிக்க வேண்டி வந்தது. என்னைக் கேட்டால், மேடையில் நூறு முறை பேசுவதைவிட இந்த ஒரு பக்க உத்தரவு கூர்மையானது. கமுதியில் தோற்ற சமூகத்திலிருந்து வந்தவர், அதிகாரம் கைக்கு வந்தபோது தன் சமூகத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தாமல், இன்னும் கீழே தள்ளப்பட்டவர்களுக்காகவும் பயன்படுத்தினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்னை தி.நகரில் தீபாவளித் துணி எடுக்கப் போகிற பாண்டி பஜாரின் முழுப் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. அங்கே பேரம் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் வம்பு.

1938: அதிகம் பேசப்படாத ஒரு சட்டம்

எம்.சி. ராஜா பரங்கிமலையில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து சென்னைச் சட்ட மேலவைக்குள் போன முதல் ஆள். 1922இல், பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசுப் பதிவேடுகளிலிருந்து எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என அவர் கொண்டுவந்த தீர்மானம் ஏற்கப்பட்டு அரசாணை ஆயிற்று. இன்று அரசாங்கத்தில் ஆதிதிராவிடர் நலத் துறை என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் பெயர் அங்கிருந்து வருகிறது.

ராஜாவின் பெரிய வேலை 1938இல் நடந்தது. ராஜாஜி பிரதமராக இருந்த காங்கிரஸ் ஆட்சிக் காலம். (அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள்.) குடிமைத் தடைகளை நீக்கும் மசோதா ஒன்றை ராஜா கொண்டுவந்தார், அது சட்டமாயிற்று. அதில் இரண்டு அம்சங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, தெரு, கிணறு, குளம், போக்குவரத்து போன்ற பொது வசதிகளைத் தாழ்த்தப்பட்டவர்கள் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று ஆக்கியது. இரண்டாவது, இந்த மாதிரித் தடை விதிக்கிற எந்த வழக்கத்தையும் நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. கமுதியில் எந்த வாதம் வென்றதோ, அந்த வாதத்தின் அடிவேரிலேயே கை வைத்தது இந்தச் சட்டம். முழுவதுமா? இல்லை. சமயச் சார்பற்ற பொது இடங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். கோயில் வெளியே நின்றது.

கோயிலுக்கும் ராஜா அதே ஆண்டு தனி மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி அதை ஆதரிக்கவில்லை. முதலில் மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் போதும், படிப்படியாகப் போகலாம் என்பது அவர் நிலை. ராஜா விட்டுக்கொடுக்காமல் வாக்கெடுப்புக்குப் போய்த் தோற்றார். இந்த இடத்தில் ராஜாஜியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. 1938 சட்டம் அவர் ஆட்சியின் ஆதரவில்தான் நிறைவேறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறு ஆண்டே மதுரையில் கதவு திறந்தது. 1939 ஜூலை 8ஆம் தேதி, வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டவர்கள் ஐந்து பேரையும் விருதுநகர் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வழிவிட்டார். எதிர்ப்பு பலமாக இருந்தது. பட்டர்களில் ஒரு பகுதியினர் பூஜைக்கு வர மறுத்தார்கள். இப்போது சட்டச் சிக்கல்: பழைய வழக்கத்தை மீறியதாக வைத்தியநாத ஐயர் மேலும் நாயுடு மேலும் வழக்குப் போடலாமே? அதனால்தான் அந்த ஆண்டு வந்த சட்டத்தின் பெயரிலேயே ஆலயப் பிரவேச அனுமதியோடு பாதுகாப்பும் சேர்ந்தது. ஏற்கெனவே உள்ளே விட்டவர்களைத் தண்டிக்க முடியாது என்று பின்தேதியிட்டுக் காப்பாற்றிய சட்டம். முதலில் ஆள் உள்ளே போனார், பிறகு சட்டம் வந்தது. மாகாணம் முழுவதுக்கும் பொருந்தும் பொதுவான சட்டம் 1947இல் வந்தது.

1954இல் காமராஜர் அமைச்சரவை அமைத்தபோது இந்து சமய அறநிலையத் துறையைத் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேசுவரனிடம் கொடுத்தார். கோயில்களுக்கெல்லாம் அவர்தான் அமைச்சர். வந்தால் வரவேற்றாக வேண்டும். கக்கனும் பின்னர் அமைச்சரானார். காமராஜரின் பள்ளிக்கூடங்களையும் மதிய உணவையும் பற்றி நிறையவே எழுதியாயிற்று; இந்தச் சின்ன நகர்வைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

கல்யாணமும் சொத்தும்

குடிமை உரிமை என்றால் தெருவும் கிணறும் மட்டும் என்று நிறுத்திக்கொண்டால் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள். பெண்களுக்குத் தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1926இல் சட்ட மேலவை உறுப்பினராகி அவைத் துணைத் தலைவருமானார். சிறுமிகளைக் கோயிலுக்குத் தேவதாசிகளாகப் பொட்டுக்கட்டி விடும் முறையை ஒழிக்க அவர் தொடர்ந்து முயன்றார். முழுத் தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது. அவர் அவைக்குள் பேசிய அதே விஷயத்தை வெளியே ஊர் ஊராகப் பேசியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். அந்த முறையின் உள்ளிருந்து வெளியே வந்தவர் அவர். இவர்கள் இருவரையும் சேர்த்துப் படிக்காமல் ஒருவரை மட்டும் படித்தால் படம் அரைகுறையாகத்தான் இருக்கும்.

சுயமரியாதைக் கல்யாணத்தின் கதை இன்னும் சுவாரசியம். புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1950களில் ஒரு சொத்து வழக்கில், அப்படி நடந்த திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். மனைவிக்கு மனைவி என்ற தகுதி இல்லை. பிள்ளைகளுக்கு வாரிசுரிமை கேள்விக்குறி. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, இந்து திருமணச் சட்டத்தில் மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, அத்தகைய திருமணங்கள் செல்லும் என்று ஆக்கினார். ஏற்கெனவே நடந்தவையும் சேர்த்துச் செல்லும் என்றது அந்தத் திருத்தம். 1939இல் மதுரையில் செய்தது போலவே, நடந்து முடிந்ததைச் சட்டம் பின்னால் ஓடிவந்து பிடித்தது.

சொத்துரிமைக்கு இன்னும் நீண்ட காத்திருப்பு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் சொத்துரிமை என்று தீர்மானம் போட்டது. மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989இல். அறுபது வருடம். தீர்மானம் போட்ட தலைமுறையில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை.

கிளாஸ், பானை, சாட்டை

சுதந்திரம் வந்தது. அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுத்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். காகிதத்தில் கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டது.

தஞ்சை வயல்களில் 1940கள் வரை பண்ணையாட்களைச் சாட்டையால் அடிப்பதும் சாணிப்பால் குடிக்க வைப்பதும் நடந்தது. அதை நிறுத்தியது சட்டமா என்றால், முதலில் நிறுத்தியது சங்கம். பி. சீனிவாசராவ் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், கன்னடம் பேசும் பகுதியிலிருந்து தஞ்சைக்கு வந்தவர். விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டி, மிராசுதாரர்களை ஒப்பந்தத்துக்கு உட்கார வைத்தார். கூலி உயர்வோடு இந்தத் தண்டனைகளை நிறுத்துவதும் பேச்சுவார்த்தையில் வந்தது. கூலியும் மானமும் அங்கே பிரிக்க முடியாதவை. அந்தப் பகுதியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள்.

முதுகுளத்தூர் பக்கம் செல்லூரில் பிறந்த இமானுவேல் சேகரன் ராணுவத்தில் இருந்து திரும்பியவர். 1950களில் டீக்கடை இரட்டைக் குவளை முறைக்கு எதிராகத் தேவேந்திர குல இளைஞர்களைத் திரட்டினார். இரட்டைக் குவளை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: கடைக்குள் இருக்கிற கண்ணாடி கிளாஸ் ஒரு சாராருக்கு, வெளியே ஆணியிலோ கூரைச் செருகலிலோ தொங்குகிற தகரக் குவளை அல்லது தேங்காய்ச் சிரட்டை இன்னொரு சாராருக்கு. குடித்துவிட்டுத் தானே கழுவிப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். டீயின் விலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். 1957 செப்டம்பரில் முதுகுளத்தூர்க் கலவரச் சூழலில் நடந்த அமைதிக் கூட்டத்தில் சேகரன் தன் மக்களின் பிரதிநிதியாகச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள், 11ஆம் தேதி, பரமக்குடியில் கொல்லப்பட்டார்.

இன்னொருவர் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் சேரிப் பிள்ளைகளுக்குத் தனித் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். அந்தப் பானையை உடைத்தார். புதுப் பானை வைத்தார்கள், அதையும் உடைத்தார். இந்தப் பிள்ளை வளர்ந்து முதல் மக்களவையிலேயே உறுப்பினராகி, 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைவரானார். 1969இல் வந்த அவருடைய அறிக்கை, சட்டங்கள் இருந்தும் நாடு முழுக்கத் தீண்டாமை எப்படி அப்படியே இருக்கிறது என்று ஊர் ஊராகப் பதிவு செய்தது.

அந்த அறிக்கை அலமாரியில் தூங்கவில்லை என்பதுதான் முக்கியம். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சொன்னது குழு. கருணாநிதி அரசு 1970இல் சட்டம் கொண்டுவந்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது, ஆனால் கோயில் வழிபாட்டு முறைகளைச் சொல்லும் ஆகம விதிகளைக் காப்பாற்றி விட்டதால் நடைமுறையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பயிற்சி பெற்ற பல்வேறு சாதியினரை அரசு அர்ச்சகர்களாக நியமித்தது 2021 ஆகஸ்டில். இன்னொரு பக்கம், 1955 சட்டம் 1976இல் கடுமையாக்கப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. வழக்கைச் சமரசம் பேசி முடித்துக்கொள்ள வழியில்லாமல் ஆக்கினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் பி.சி.ஆர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாதிக் கொடுமை வழக்கு எதுவாக இருந்தாலும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போட்டதாகவே இருந்தாலும், மக்கள் வாயில் அது பி.சி.ஆர். கேஸ்தான்.

ஊராட்சி நாற்காலி

ஆரம்பத்தில் பிரித்த இரண்டு உரிமைகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. உள்ளாட்சி இட ஒதுக்கீட்டின்படி 1996இல் பல ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூனில், உடன் இருந்தவர்களோடு சேர்த்து, ஓடும் பஸ்ஸை நிறுத்திக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் வேட்புமனுவே தாக்கலாகாமலும், ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தும் பத்து ஆண்டுகள் பதவி காலியாகக் கிடந்தது. 2006இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள்.

தேர்தலில் ஜெயிப்பது அரசியல் உரிமை. ஜெயித்தவர் அலுவலகத்துக்குப் போய் அந்த நாற்காலியில் உட்காருவது குடிமை உரிமை. சில ஊராட்சிகளில் பட்டியல் சாதித் தலைவர்களைத் தரையில் உட்கார வைத்த செய்திகளும், தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுத்த செய்திகளும் அடிக்கடி வந்தன. 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்கு முன்பாக, தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார்: ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்ய வேண்டும். 1924ஆம் ஆண்டின் தீர்மானத்தைப் படித்துவிட்டு இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள், அங்கே நாம் குறித்துக்கொண்ட உரிமை, தண்டனை, அதிகாரி என்ற மூன்று படிகளையும் இதில் தேடிப் பார்க்கலாம்.

மூன்றாவது படி இன்று யாரிடம் இருக்கிறது என்றால்: மாவட்டக் காவல் துறையில் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு என்று ஒன்று உண்டு, முன்பு அதற்குப் பி.சி.ஆர். பிரிவு என்றுதான் பெயர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவாகும் வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறைவான அதிகாரி விசாரிக்கக் கூடாது என்பது விதி. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.